மானிட்டர் வாங்குவதற்கு முன் கஸ்டமர் கேருக்கு ஒரு போன் போடுங்கள்

கேள்வி: தண்டையார்பேட்டையில் வீட்டிலிருந்தே கணக்கு எழுதுவது, ஜி.எஸ்.டி. தாக்கல் செய்வது என்று வேலை பார்க்கிறேன். வாரண்டி முடிவதற்குள்ளேயே என் மானிட்டர் இருண்டுபோனது. மூன்றாவது மாடியிலிருந்து இறக்கி, ஆட்டோ பிடித்து, ஊரின் மறுகோடியில் இருந்த சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். பார்ட்ஸ் வரவில்லை என்று வாரக்கணக்கில் இழுத்தடித்தார்கள். இப்போது 24 அங்குலத்தில் புதிதாக வாங்க வேண்டும். சர்வீஸை வைத்துப் பார்த்தால் எந்த பிராண்டு நல்லது?

பதில்: உங்களை அலைய வைத்தது பெரும்பாலும் அந்த மாடலுக்கு இருந்த வாரண்டியின் வகைதான். இதில் மூன்று வகை உண்டு. நாமே தூக்கிக்கொண்டு போக வேண்டியது கேரி-இன். டெக்னீஷியன் வீட்டுக்கு வந்து பார்ப்பது ஆன்சைட். பழுதானதை எடுத்துக்கொண்டு வேறொன்றைக் கொடுத்துவிடுவது எக்ஸ்சேஞ்ச். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் '3 ஆண்டு வாரண்டி' என்று போட்டிருப்பார்கள். அது இந்த மூன்றில் எது என்பது பொடி எழுத்தில் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. லிப்ட் இல்லாத மூன்றாவது மாடியில் இருப்பவருக்கு 3 ஆண்டு கேரி-இன்னை விட 2 ஆண்டு ஆன்சைட் மேல் என்று தயங்காமல் சொல்வேன்.

அதனால் வாங்குவதற்கு முன்பே கஸ்டமர் கேருக்குப் போன் செய்யுங்கள். மாடல் எண்ணையும் 600081 என்ற உங்கள் பின்கோடையும் சொல்லி, 'இந்த மானிட்டர் பழுதானால் வீட்டுக்கு ஆள் வருவாரா, நான் கொண்டுவர வேண்டுமா? எந்த சர்வீஸ் சென்டர்? பேனல் (படம் தெரியும் திரைப் பகுதி) போனால் அதை மட்டும் மாற்றுவீர்களா, மானிட்டரையே மாற்றுவீர்களா? மாற்றித் தருவது புதியதா, பழுது பார்த்ததா?' என்று கேளுங்கள். சொன்ன பதிலை மெயிலில் அனுப்பச் சொல்லுங்கள். வாங்க வருபவரையே காத்திருக்க வைக்கும் நிறுவனம், வாங்கிய பிறகு எப்படி நடத்தும் என்பதும் அந்த ஒரு போனில் தெரிந்துவிடும்.

பேனலைக் குறிப்பாகக் கேட்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மானிட்டருக்குள் மின்சாரம் கொடுக்கும் பவர் போர்டு போனால் சில நூறு அல்லது ஓரிரு ஆயிரத்தில் வேலை முடியும். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் அதைச் சரிசெய்யக் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். பேனல் போனால் அதன் விலையே புது மானிட்டர் விலையை நெருங்கிவிடும். வாரண்டி உங்களைக் காப்பாற்ற வேண்டிய இடம் அதுதான். உங்கள் விஷயத்தில் இழுத்தடிக்கப்பட்டதும் அநேகமாக அங்கேதான்.

இனி பிராண்டுகள். டெல்லின் பெரும்பாலான மாடல்களுக்கு 3 ஆண்டு எக்ஸ்சேஞ்ச் உண்டு: மாற்று மானிட்டரை அனுப்பிவிட்டுப் பழையதை எடுத்துக்கொள்வார்கள். வருவது பழுது பார்த்ததாக இருக்கலாம், ஆனாலும் உங்கள் வேலை நிற்காது. எல்.ஜி., சாம்சங் இரண்டும் டி.வி., பிரிட்ஜ் விற்பவை என்பதால் சர்வீஸ் வலைப்பின்னல் அகலமானது. வீட்டுக்கு ஆள் அனுப்பிப் பழகியவை. பென்க்யூ, ஏசர், ஏசஸ், வியூசோனிக் தரத்தில் குறைந்தவை இல்லை. ஆனால் இவற்றுக்கு சர்வீஸ் பார்ப்பது பல இடங்களில் வெளி ஏஜென்சிகள், அனுபவம் இடத்துக்கு இடம் மாறும். மிகக் குறைந்த விலை பிராண்டுகளில் 1 ஆண்டு வாரண்டி சகஜம். தினமும் திரையை நம்பிப் பிழைக்கும் உங்களுக்கு அது வேண்டாம். நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் டெல்லைக் கேட்பேன், அடுத்து எல்.ஜி.யை. போனில் வரும் பதில் திருப்தியாக இல்லையென்றால் இந்த வரிசையை மாற்றவும் தயங்க மாட்டேன்.

திரையில் ஒரு புள்ளி மட்டும் எரிந்துகொண்டே இருந்தால் மாற்றித் தருவார்களா என்றும் பலர் கேட்கிறார்கள். ஐ.எஸ்.ஓ. 9241-307 என்ற சர்வதேசத் தரம் புள்ளிக் குறைகளை வகுப்பு வகுப்பாகப் பிரிக்கிறது. இரண்டாம் வகுப்பில் 10 லட்சம் புள்ளிகளுக்கு எப்போதும் எரியும் புள்ளிகள் 2 வரை ஏற்கப்படும். ஃபுல் எச்.டி. திரையில் 20,73,600 புள்ளிகள் இருக்கின்றன. அதாவது 4 புள்ளிகள் எரிந்தாலும் 'இது குறையில்லை' என்று சொல்ல இந்த வகுப்பைப் பின்பற்றும் நிறுவனங்களுக்கு இடம் இருக்கிறது. டெல்லின் அல்ட்ராஷார்ப் வரிசையில் ஒரே ஒரு புள்ளி எரிந்தாலும் மாற்றித் தருகிறார்கள். கணக்கு வேலைக்கு அது அத்தியாவசியம் இல்லை. போட்டோ, டிசைன் வேலை செய்பவர்கள் கேட்டு வாங்க வேண்டியது. எப்படியிருந்தாலும் மானிட்டர் வந்த அன்றே கருப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று முழுத்திரையில் ஓடவிட்டுப் பார்த்துவிடுங்கள். ஆன்லைனில் வாங்கினால் திருப்பிக் கொடுக்கும் கெடு சில நாள்தான். பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுத்து வையுங்கள்.

கடையில் வாங்கினால் பில்லில் சீரியல் நம்பர் இருக்கிறதா என்று பாருங்கள். பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்றால் அந்தக் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். பில் இல்லாவிட்டால் பல நிறுவனங்கள் மானிட்டர் தயாரான தேதியிலிருந்தே வாரண்டியைக் கணக்கிடும். வேறு நாட்டில் விற்பதற்கென்று வந்த சரக்காக இருந்தால் இங்கே வாரண்டியே செல்லாமல் போகலாம். இறக்குமதிப் பெட்டியில் இங்குள்ள இறக்குமதியாளரின் பெயர், முகவரி, எம்.ஆர்.பி. எல்லாம் அச்சாகியிருக்க வேண்டும் என்பது சட்டம். அது இல்லாத பெட்டியைத் தொடாதீர்கள். கடை பில்கள் பல தெர்மல் தாளில் வருவதால் ஓராண்டில் எழுத்து மங்கிவிடும். அன்றைக்கே போட்டோ எடுத்துவிடுங்கள். அட்டைப்பெட்டியையும் உள்ளே இருந்த தெர்மகோலையும் பரணில் போட்டு வையுங்கள், எக்ஸ்சேஞ்சுக்கு எடுத்துப் போக வரும்போது தேவைப்படும்.

நம் வடசென்னைப் பக்கத்துக்கென்று ஒரு எச்சரிக்கை உண்டு. காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் வரை உப்புக் காற்று வீட்டுக்குள்ளேயே வருகிறது. போர்டில் துருவோ, எறும்பு, கரப்பான் கூடோ இருந்தால், ஹை வோல்டேஜில் கருகியிருந்தால், பெரும்பாலான நிறுவனங்கள் வாரண்டியை மறுத்துவிடும். கடல் பக்க ஜன்னலுக்கு நேரே மானிட்டரை வைக்காதீர்கள். அதையும் யு.பி.எஸ்.ஸில் இணையுங்கள். கடைக்காரர் தனியாக விற்கும் எக்ஸ்டெண்டட் வாரண்டியும் இந்தக் காரணங்களைச் சொல்லியே மறுக்கக்கூடும் என்பதால், இந்த விலை மானிட்டருக்கு அதில் காசு போடச் சொல்ல மாட்டேன்.

மறுபடியும் யாராவது இழுத்தடித்தால் போனில் மட்டும் பேசாதீர்கள். புகார் எண் வாங்கி, மெயிலில் தேதியோடு எழுதுங்கள். பலன் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியுங்கள். பல புகார்கள் அங்கேயே தீர்ந்துவிடுகின்றன. அதற்கும் அசையாவிட்டால் சென்னை (வடக்கு) மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம்; நிறுவனத்தின் தலைமையகம் எந்த ஊரில் இருந்தாலும் கவலையில்லை. பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்காமல் நீங்களே பேசலாம். பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். ஆகவே, பழைய மானிட்டரின் பில்லும் புகார் விவரங்களும் கையில் இருந்தால் அவற்றைத் தூக்கிப் போடாதீர்கள். அந்தக் கெடு இன்னும் முடியவில்லையென்றால் அதற்கும் நீங்கள் இழப்பீடு கேட்கலாம்.