அம்மாவின் காலடியில் தண்ணீர் கேன்

கேள்வி: என்னிடம் 2005 மாடல் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். இருக்கிறது, 1.8 டர்போ. கல்லூரி நாளிலிருந்தே ஆசைப்பட்ட வண்டி. இரண்டு வருடம் முன்பு வாங்கினேன். இதுவரை மூன்று முறை நடுவழியில் நின்றுவிட்டது. வில்லுக்குறியில் மழை நேரத்தில் குலுக்கிக் குலுக்கி இழுக்காமல் நின்றது. பிளக்குக்கு மின்சாரம் தரும் காயில்களில் ஒன்றை மாற்றினேன். ஆரல்வாய்மொழி தாண்டும்போது சூடேறி ஆவி கிளம்பியது, ரேடியேட்டர் மாற்றினேன். போன மாதம் அம்மாவைத் திருவனந்தபுரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகும் வழியில் களியக்காவிளையில் டீ குடிக்க நிறுத்தினேன். திரும்பி வந்தால் ஸ்டார்ட் ஆகவில்லை. முக்கால் மணி நேரம் கழித்துத் தானாகவே ஸ்டார்ட் ஆனது. சூடு காட்டும் முள் எப்போதும் 90-ல்தான் நிற்கிறது. எக்ஸாஸ்ட், அலாய் வீல் எல்லாம் புதிதாகப் போட்டிருக்கிறேன். மனைவி விற்றுவிடு என்கிறாள். அம்மாவுக்கு 71 வயது, ஒன்றும் சொல்வதில்லை. வண்டியில் ஏறும்போது மட்டும் ஐந்து லிட்டர் கேனில் கிணற்றுத் தண்ணீர் பிடித்துக் காலடியில் வைத்துக்கொள்வார். சூடேறினால் துண்டைச் சுற்றி மூடியைத் திறந்து ஊற்றிக்கொள்கிறேன். பழைய ஸ்போர்ட்ஸ் கார் என்றாலே இப்படித்தானா? வைத்திருக்கலாமா, விற்றுவிடலாமா?
— பெயர் வேண்டாம், தக்கலை.

பதில்: தம்பி, விற்பதையும் வைத்திருப்பதையும் பிறகு பார்ப்போம். முதலில் அந்தக் கேன்.

லாரியில் தண்ணீர் கேன் தூக்குகிறவருக்குக் கிளீனர் என்று பெயர். 71 வயதில் பெற்ற தாயை அந்த வேலைக்கு வைத்திருக்கிறீர்கள். அலாய் வீலுக்கும் எக்ஸாஸ்ட்டுக்கும் நடுவே அதையும் ஒரு வரியாகச் சொல்லிவிட்டுப் போகிறீர்கள். அம்மா ஒன்றும் சொல்வதில்லையாம். ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளில் கிணற்றடிக்குப் போய்க் கேனை நிரப்பித் தூக்கிக்கொண்டு வருகிறாரே, அதைவிட எப்படிச் சொல்ல வேண்டும்? மகன் மனம் நோகக் கூடாதென்று வாயால் சொல்லவில்லை, அவ்வளவுதான். உங்கள் மனைவி சண்டை போடுகிறார். அதில் உங்களுக்கு ஆபத்தில்லை. அம்மாவின் மௌனத்தைத்தான் சம்மதம் என்று எண்ணி வண்டியை ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

வண்டியின் நோயையும் அதே கேன் சொல்கிறது. கூலிங் சிஸ்டம் மூடி போட்ட பாத்திரம். எங்கும் ஒழுகாவிட்டால் ஒரு சர்வீஸுக்கும் அடுத்த சர்வீஸுக்கும் நடுவில் கூலன்ட் டேங்கில் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம் இருக்கும் டேங்க்) அளவு இறங்காது. உங்கள் வண்டி கேன் கணக்கில் குடிக்கிறது. ஆகவே ரேடியேட்டர் மாற்றிய பிறகும் ஒழுக்கு நிற்கவில்லை. ஒழுகுகிற இடத்தில் அழுத்தமும் நிற்காது. அழுத்தம் இல்லாவிட்டால் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும். ஆரல்வாய்மொழியில் நடந்தது இதுவாகத்தான் இருக்கும்.

முள் 90-ல் நிற்கிறது என்று ஆறுதல் தேடாதீர்கள். இந்தக் கம்பெனி வண்டிகளில் ஏறத்தாழ 75 முதல் 105 டிகிரி வரை முள்ளை 90-லேயே நிறுத்தி வைக்கிற மாதிரிதான் மீட்டரைச் செய்திருக்கிறார்கள். முள் அசையும்போது காரியம் கையை மீறியிருக்கும். சென்சாரைச் சுற்றி தண்ணீரே இல்லாவிட்டால் வெறும் ஆவிச் சூட்டை அளந்து குறைவாகவும் காட்டும்.

போனட்டைத் திறந்து, சிலிண்டர் ஹெட்டின் கியர் பாக்ஸ் பக்கத்து முனையைப் பாருங்கள். கறுப்பு பிளாஸ்டிக்கில் கூலன்ட் ஃபிளாஞ்ச் என்ற ஒரு இணைப்புத் துண்டு இருக்கும், உள்ளங்கை அளவுதான். அதிலிருந்து ஹோஸ்கள் கிளம்பும். அதிலேயே ஒரு கிளிப்பில் டெம்பரேச்சர் சென்சார் செருகியிருக்கும், நான்கு பின். இருபது வருடச் சூட்டில் அந்த பிளாஸ்டிக் முறுக்காகி முடியளவு விரிசல் விடும். சென்சார் அடியில் இருக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் தட்டையாகிக் கசியும். அசல் கூலன்ட் இருந்திருந்தால் ஒழுகிய இடத்தில் இளஞ்சிவப்புப் பொருக்கு கட்டி இடத்தைக் காட்டிக்கொடுத்திருக்கும். கிணற்றுத் தண்ணீர் ஊற்றி ஊற்றி அந்தத் தடயத்தையும் கழுவிவிட்டீர்கள்.

களியக்காவிளைக்கும் அந்த இடத்தின் மேல்தான் முதல் சந்தேகம். அந்த சென்சார் பொய் சொன்னால், சூடான எஞ்சினைக் குளிர்ந்தது என்று நம்பி கம்ப்யூட்டர் பெட்ரோலை அதிகமாக ஊற்றும்; பிளக் நனைந்து ஸ்டார்ட் ஆகாது; ஆறியதும் தானாக ஆகும். டீக்கடையில் நிறுத்தி எடுக்கும்போது வருகிற நோய் இது. அடுத்த சந்தேகம் பெட்ரோல் பம்ப் ரிலே, அதாவது வண்டிக்குள் இருக்கும் பெட்ரோல் பம்ப்புக்கு மின்சாரம் விடும் சுவிட்ச். உள்ளே ஈயப் பற்று விட்டுப்போய், சூட்டில் தொடர்பு அறும். ஃபிளாஞ்ச், சென்சார், ரிலே மூன்றும் விலை குறைந்த சாமான்கள். உங்கள் எக்ஸாஸ்ட் காசில் மூன்றையும் மாற்றி மிச்சமும் பிடித்திருக்கலாம்.

ஊகத்தில் மாற்ற வேண்டாம். எஞ்சின் நன்றாக ஆறியிருக்கும்போது பிரஷர் டெஸ்டர் போட்டு 1.4 பார் அளவுக்கு அடித்து, கால் மணி நேரம் பார்க்கச் சொல்லுங்கள். டெஸ்டரின் முள் இறங்கினால் ஃபிளாஞ்ச், எக்ஸ்பான்ஷன் டேங்கின் ஒட்டு, ஹோஸ் முனைகள், டைமிங் பெல்ட்டை மூடியிருக்கும் டைமிங் கவரின் அடிப்பக்கம் என்று டார்ச் அடித்துத் தேடலாம். பக்கத்து சீட்டின் கால்மிதி நனைந்து இனிப்பு வாடை அடித்தால், ஒழுகுவது ஹீட்டருக்கு உள்ளே இருக்கும் சின்ன ரேடியேட்டர், அதாவது ஹீட்டர் கோர். வெளியே எங்கும் ஈரமில்லாமல் அளவு மட்டும் குறைந்தால்தான், ஹெட்டுக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கட் பேச்சு.

டைமிங் கவருக்கு அடியில் ஈரம் இருந்தால் வண்டியை அங்கேயே நிறுத்துங்கள். இந்த எஞ்சினில் வாட்டர் பம்ப்பைச் சுற்றுவது டைமிங் பெல்ட்தான். பம்ப் ஜாம் ஆனால் பெல்ட் பல் தாண்டும் அல்லது அறும். பிஸ்டன் மேலே வந்து வால்வில் இடிக்கும். சிலிண்டருக்கு ஐந்து வீதம் இருபது வால்வு இதில். போதாததற்கு, பல பம்ப்களில் தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லர் சக்கரம் பிளாஸ்டிக். விரிசல் விட்டால் தண்டு சுற்றும், இம்பெல்லர் சுற்றாது, தண்ணீர் ஓடாது. வாங்கிய இரண்டு வருடத்தில் பெல்ட் மாற்றியதாக நீங்கள் எழுதவில்லை. முந்தைய முதலாளி மாற்றியதாக வாய்ச்சொல்தான் என்றால், மாற்றவில்லை என்றே கணக்கு வையுங்கள். பெல்ட், டென்ஷனர், உருளை, உலோக இம்பெல்லர் உள்ள பம்ப், 87 டிகிரி தெர்மோஸ்டாட் எல்லாம் ஒரே தடவையில் மாற வேண்டும். ஆர்.சி. புதுப்பித்தபோது எஃப்.சி. பாஸ் ஆனதே என்று சொல்லாதீர்கள். எஃப்.சி. பார்க்கிறவர் டைமிங் கவரைக் கழற்றிப் பார்ப்பதில்லை.

பிறகு உள்ளே படிந்த உப்பு. பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர் விட்டு, தெளிவாக வரும்வரை இரண்டு மூன்று முறை அலசி வடித்துவிட்டு, ஜி12 வகைக் கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி ஊற்ற வேண்டும். கடையில் கிடைக்கிற பச்சைக் கூலன்ட்டை இதோடு கலந்தால் சேறாகிவிடும். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து ஓடவிட்டு, ரேடியேட்டரின் மேல் ஹோஸும் கீழ் ஹோஸும் சுடும்வரை காற்றை வெளியேற்றுங்கள்.

துண்டு சுற்றி மூடி திறக்கிற பழக்கம் இன்றோடு போகட்டும். அழுத்தம் விட்டதும் உள்ளே இருக்கும் நீர் அப்படியே ஆவியாகிப் பாயும்; பக்கத்தில் கேனோடு நிற்பது யார் என்று நினைத்துப் பாருங்கள். கொதிக்கிற அலுமினிய ஹெட்டில் கிணற்றுத் தண்ணீரை விட்டால் ஹெட் வளையும். சூடேறினால் ஏ.சி.யை அணைத்து, ஹீட்டரைத் திறந்துவிட்டு, ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். ஒரு மணி நேரமாவது ஆறட்டும்.

வில்லுக்குறியில் வண்டி குலுக்கியதே, அந்த மிஸ்ஸிங் தனிக் கதை. ஒரு காயில் போனால் மற்ற மூன்றும் அதே வயதுதான். நான்கு காயிலும் நான்கு பிளக்கும் சேர்த்து மாற்றி, பழையதில் நல்லது ஒன்றை டிக்கியில் போட்டு வையுங்கள். மிஸ்ஸிங்கோடு ஓட்டினால் எரியாத பெட்ரோல் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைத் தின்றுவிடும். வேக்யூம் ஹோஸ், பிரீதர் ஹோஸ் எல்லாம் விரலால் அழுத்தினால் மடமடவென்று உடைகிற பதத்தில் இருக்கும், மொத்தமாக மாற்றுங்கள்.

இப்படித்தானா என்று கேட்டீர்கள். இல்லை. நின்ற பிறகு நின்ற சாமானை மட்டும் மாற்றுகிறவரிடம் எந்த வண்டியும் இப்படித்தான். மேலே சொன்னதையெல்லாம் மொத்தமாகச் செய்யக் கையில் காசு இல்லையென்றால் உங்கள் மனைவி சொல்வதுதான் சரி, விற்றுவிடுங்கள். வாங்க வருகிறவரிடம் ஒழுக்கைச் சொல்லியே விற்க வேண்டும். காசு இருந்தால் வைத்திருங்கள், நல்ல எஞ்சின் அது. ஆனால் வேலை முடியும்வரை அம்மாவின் ஆஸ்பத்திரி நாளுக்கு டாக்ஸி வைக்க வேண்டும், நீங்களும் கூடப் போக வேண்டும். பெற்றவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற கடமைக்கும் உங்கள் கல்லூரி ஆசைக்கும் ஒரே வண்டி போதும் என்று கணக்குப் போட்டது நீங்கள், அவர் அல்ல.

வேலை முடிந்ததும் தனியாகத் திருவனந்தபுரம் வரை மூன்று தடவை போய் வாருங்கள், மார்த்தாண்டம் நெரிசலில் ஏ.சி. போட்டபடி. ஒவ்வொரு முறையும் மறுநாள் காலை, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது டேங்கில் அளவைப் பாருங்கள். மூன்று தடவையும் கோடு இறங்கவில்லையென்றால் அம்மாவை ஏற்றுங்கள். அன்றைக்கும் அவர் கேனோடுதான் வருவார். வேண்டாம் என்று சொல்லாதீர்கள். வாங்கி நீங்களே டிக்கியில் வையுங்கள்.