டெக்னிக்கல் டைவிங்குக்கு 27 கிலோ விங் வாங்கலாமா?

டெக்னிக்கல் டைவிங்குக்காக (சாதாரண டைவிங்கை விட ஆழமாக, அதிக நேரம் மூழ்குவது) இரட்டை சிலிண்டர் பழகப் போகிறீர்கள், 27 கிலோ தூக்குகிற விங் (முதுகில் மாட்டிக் காற்று நிரப்புகிற மிதப்புப் பை) வாங்கிவிட்டால் எல்லாவற்றுக்கும் ஆகும் என்று கடையில் சொன்னார்கள், சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்காதீர்கள். நான் வாங்கிக் காசை விட்டவன்.

ஊர் வேலூர். நீச்சல் பழகியது அணைக்கட்டுப் பக்கம் மாமா கிணற்றில், முதுகில் சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு. ஒன்றுக்கு இரண்டாகக் கட்டிக் குதித்தால் முதுகு மேலே நிற்கும், முகம் தண்ணீருக்குள் போய்விடும். பெரிய விங்கும் அந்தக் கதைதான். புதுச்சேரியில் ஒற்றை சிலிண்டரோடு அதை மாட்டி இறங்கினேன். பை இரண்டு பக்கமும் சுருண்டு சிலிண்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டது, காற்றெல்லாம் வலது பக்கம் போய் உட்கார்ந்துவிட்டது, காற்று விடும் வால்வோ இடது பக்கம் அடியில். இழுத்து இழுத்துக் கை வலித்ததுதான் மிச்சம்.

கணக்கு பெரிதில்லை. அலுமினியம் 80 சிலிண்டர் (சுமார் 80 கன அடி காற்று பிடிப்பது) நிறைய இருக்கும்போது உள்ளே உள்ள காற்று மட்டும் ஏறக்குறைய 2.7 கிலோ, இரண்டுக்கு ஐந்தரை என்று வையுங்கள். கடைசியில் சிலிண்டர் காலியாகும் நேரத்தில் மேலே நிலையாக நிற்கிற அளவுக்கு ஈயம் கட்டியிருந்தால், இறங்கும்போது விங் சுமக்க வேண்டியது இந்தக் காற்றின் எடை, கூடவே ஆழத்தில் வெட்சூட் (குளிர் தாங்கப் போடுகிற நுரை ரப்பர் உடை) நசுங்கி இழக்கிற மிதப்பு. நம் கடலுக்குப் போடுகிற 3 மில்லி சூட்டில் அது இரண்டு மூன்று கிலோவுக்குள் அடங்கிவிடும். அப்புறம், விங்கை நிரப்பிக் கழற்றி விட்டால் மொத்த செட்டும் தானாக மிதக்க வேண்டும். இதைக் கிணற்றிலேயே கயிறு கட்டி இறக்கிப் பார்த்தேன் (“மோட்டரா எறக்கறே?” என்றார் மாமா). நல்ல தண்ணீரில் மிதந்தால் உப்புத் தண்ணீரில் இன்னும் நன்றாகவே மிதக்கும். அலுமினிய இரட்டைக்கு 18 கிலோ விங் தாராளம், ஒற்றைக்கு 13, 14 போதும்.

கடைக்காரர் சொல்லாத விஷயம், விங் கிழிந்தால் எது உங்களை மேலே கொண்டுவரும் என்பது. எஃகு இரட்டை சிலிண்டரும் வெட்சூட்டும் சேர்ந்தால் கழற்றிப் போட ஈயம்கூட இருக்காது, அந்த எடையோடு நீந்தி ஏறுவது பெரும்பாடு. அலுமினியம் என்றால் ஈயத்தை விட்டுவிட்டு ஏறலாம். ஆனால் வழியில் கட்டாயம் நின்று நின்று வர வேண்டிய டைவ்களில் ஈயத்தை உதறினால் நிற்கவே முடியாது. அங்கே டிரைசூட்டும் (தண்ணீர் புகாத, உள்ளே காற்று நிரப்பி மிதக்கக்கூடிய உடை) இல்லாதபோது, ஒன்று கிழிந்தால் இன்னொன்று உதவுகிற இரட்டைப் பை விங் நியாயம்தான். இரண்டாவது பையின் இன்ஃப்ளேட்டரை (காற்று நிரப்பும் குழாய்) மட்டும் வேறு ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் (சிலிண்டர் வாயில் மாட்டுகிற அழுத்தக் குறைப்பான்) மாட்டுங்கள், காற்று கசிந்து அந்தப் பை தெரியாமல் நிரம்புகிறதா என்று அடிக்கடி தொட்டுப் பாருங்கள்.

விங்கையும் சிலிண்டரையும் முதுகில் தாங்குகிற தகடான பேக்பிளேட்டுக்கு அலைய வேண்டாம். துளை இடைவெளி பொதுவாக 11 அங்குலம், எந்தக் கம்பெனி விங்கும் உட்காரும். காலிடுக்குப் பட்டையை, எங்கள் பாஷையில் கோவணத்தை, விட்டுவிடாதீர்கள். இல்லையென்றால் விங் தலைக்கு ஏறும். பட்டையில் துளை போட, ஆணியைப் பழுக்கக் காய்ச்சிக் குத்துங்கள். கத்தியால் அறுத்தால் நூல் பிரிந்துவிடும்.