தடை போட்டும் சாட்ஜிபிடியில் ஆதார் போகுது (மார்த்தாண்டம், நகைக்கடன் அலுவலகம்)

சாட்ஜிபிடியே கூடாதுன்னு சுற்றறிக்கை விட்டும், ஊழியர்கள் வாடிக்கையாளர் ஆதாரை அதில் போடுறாங்க, என்ன செய்யன்னு கேட்டிருக்கீங்க. அந்த முழுத் தடையை எடுத்துடுங்க. எதைப் போடக்கூடாதுன்னு மட்டும் கணினி பக்கத்தில் ஒட்டுங்க: பெயர், போன் எண், ஆதார், அடகுச் சீட்டுப் படம். மற்ற வேலைக்கு அலுவலகக் கணக்கு மட்டும்.

ஊழியர்கள் அப்படிப் போடக் காரணம் பெரும்பாலும் வட்டி நினைவூட்டல் கடிதம்தான். பழைய கடிதங்கள் யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் இருந்தா, நகலெடுத்து ஒட்டும்போது ஆங்கில எழுத்துக் குப்பையா வரும். உடனே சீட்டையே போட்டோ எடுத்து ஏத்திடுவாங்க. அதுக்குப் பதிலா பெயர், கடன் எண், தொகை இடத்தில் வெற்றிடம் விட்ட ஒரே ஒரு மாதிரிக் கடிதத்தை, எங்கே ஒட்டினாலும் தமிழாவே வர்ற யூனிகோடில், சாட்ஜிபிடிகிட்ட எழுதி வாங்குங்க. வெற்றிடத்தை நிரப்புறது வேர்டு மெயில் மெர்ஜ் (பட்டியலில் இருக்கிற விவரத்தை ஒவ்வொரு கடிதத்திலும் தானா நிரப்பும் வசதி), எக்செல் பட்டியலோட, உங்க கணினியிலேயே. கடன் வாங்கினவர் யாருன்னு ஏஐக்குத் தெரியவே வேண்டாம்.

இன்னைக்கே பாருங்க:
1. சாட்ஜிபிடி அமைப்புகளில் டேட்டா கண்ட்ரோல்ஸ் போய், மாடல் பயிற்சிக்கான (நீங்க போடுறதை வெச்சு ஏஐயைப் பழக்குறதுக்கான) அனுமதியை அணைங்க.
2. பழைய உரையாடல்களில் "ஆதார்"னு தேடுங்க. அழிக்கும் முன்னாடி தேதியும் யாருடைய விவரம்ங்கறதும் குறிச்சு வையுங்க. அழிச்சிட்டா என்ன போச்சுன்னே தெரியாது.

சொந்த போனில், சொந்தக் கணக்கில் போட்டது இந்தத் தேடலில் வராது. நடவடிக்கை இல்லைன்னு சொல்லிக் கேட்டாத்தான் ஊழியர்கள் வாய் திறப்பாங்க. அனுமதியை இப்போ அணைச்சாலும் ஏற்கெனவே போனது திரும்பாது. 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், பாதுகாப்புக் குறைபாட்டுக்கு அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகும்.