பவர் மாறவில்லை என்றால் கண்ணில் கோளாறு இல்லையா?

கேள்வி: எனக்கு 54 வயது. சர்க்கரை வந்து 8 வருடமாகிறது, மாத்திரையில் ஓடுகிறது. கண்ணாடிக் கடையில் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு, பவர் மாறவில்லை, கண் நன்றாக இருக்கிறது என்றார்கள். பஸ் போர்டு கூடத் தெளிவாகத் தெரிகிறது. ஆனாலும் மகள் கண் டாக்டரிடம் போகச் சொல்கிறாள். சொட்டு மருந்து ஊற்றி அரை நாள் உட்கார வைப்பார்களே, அவசியம்தானா?
– வாசகர், திருமங்கலம்

பதில்: அவசியம்தான் ஐயா, மகள் சொல்வதைக் கேளுங்கள். கடையில் பார்த்தது கண்ணாடிக்கான பவரை மட்டும்தான். சர்க்கரை கெடுப்பதோ கண்ணுக்குள்ளே பின்பக்கம் இருக்கிற விழித்திரையை. அங்கே உள்ள மெல்லிய ரத்தக் குழாய்கள் பலவீனமாகி, புள்ளி புள்ளியாக வீங்கி, கசிய ஆரம்பிக்கும், ஆனால் வலிக்காது, சிவக்காது, கசிவு நடுப் பார்வையைத் தொடும்வரை பஸ் போர்டும் பளிச்சென்றுதான் தெரியும். பார்வை மங்கிய பிறகு வருகிறவர்களைத்தான் அதிகம் பார்க்கிறோம், அதுதான் வேதனை. முன்பே வந்திருந்தால் லேசரோ ஊசியோ போட்டுப் பெரும்பாலும் காப்பாற்றியிருக்கலாம்.

பெரும்பாலும் பெரியவர்களுக்கு வருகிற டைப் 2 சர்க்கரை என்றால், கண்டுபிடித்தவுடன் ஒரு முறை, அப்புறம் வருடத்துக்கு ஒரு முறை விழித்திரையைப் பார்க்க வேண்டும். இதுவரை பார்த்ததே இல்லை என்றால் இந்த வாரமே போங்கள்.

சொட்டு மருந்து கண்மணியை விரிக்கத்தான். அரை மணி நேரத்தில் விரிந்ததும், டாக்டர் தலையில் விளக்கை மாட்டிக்கொண்டு, கையில் ஒரு லென்ஸைப் பிடித்து, ‘மேலே பாருங்க, காதுப் பக்கம் பாருங்க’ என்று ஓரம்வரை தேடுவார். நாலைந்து மணி நேரம் வெளிச்சம் கூசும், கிட்டத்தில் படிக்க முடியாது, அவ்வளவுதான். பைக்கில் போகாதீர்கள், துணைக்கு ஒருவரைக் கூட்டிப் போங்கள். பழைய கண்ணாடி, மாத்திரைச் சீட்டு, மூன்று மாதச் சராசரி சர்க்கரை ரிப்போர்ட் எல்லாம் கையில் இருக்கட்டும்.

அங்கேயே கண் அழுத்தத்தையும் பார்ப்பார்கள். பாதரச மில்லிமீட்டர் அளவில் 10 முதல் 21 வரை சாதாரணம், ஆனால் அதற்குள் இருந்தும் கண் நரம்பு கெடுவது உண்டு, அதனால் நரம்பையும் பார்க்கச் சொல்லுங்கள். அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர்கள் யாருக்காவது இப்படிக் கண் நரம்பு கெடும் குளுக்கோமா நோய் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். அதில் போன பார்வை திரும்பாது. மெடிக்கலில் கேட்டு வாங்கி ஊற்றும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தும் இந்த அழுத்தத்தை ஏற்றிவிடும், தயவுசெய்து வேண்டாம்.

செலவை நினைத்துத் தள்ளிப் போடாதீர்கள். அரசு மருத்துவமனைகளில் கண் பிரிவு இருக்கிறது. உங்களுக்குப் பக்கத்தில் மதுரையிலேயே, 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில் இலவசப் பிரிவும் உண்டு. திடீரென்று கண்ணில் மின்னல் அடித்தாலோ, கரும்புள்ளிகள் கூட்டமாக மிதந்தாலோ, திரை விழுந்த மாதிரி ஒரு பக்கம் மறைத்தாலோ மட்டும் வாரக் கணக்கெல்லாம் வேண்டாம், அன்றைக்கே போய்விடுங்கள்.