புதுச் சீட்டுக்கட்டைப் பழக்குவது – கடிதம்

அன்புள்ள ஐயா,

பொங்கல் விடுமுறைக்கு அண்ணன், அக்கா குடும்பங்கள் எல்லாம் எங்கள் வீட்டில் கூடினோம். ரம்மி ஆடுவதற்காகவே பைசிக்கிள் என்ற கம்பெனிச் சீட்டில் இரண்டு புதுக் கட்டு வாங்கி வைத்திருந்தேன். ஆட்டமே சரியாக அமையவில்லை. சீட்டு கையில் நிற்காமல் வழுக்குகிறது. விரித்தால் நாலைந்து சேர்ந்தே வருகிறது. எவ்வளவு கலைத்துப் போட்டாலும், ஒருவர் ஆட்டின் (ஹார்ட்ஸ்) ஆறு எடுத்தால் அடுத்தவருக்கு ஏழு வருகிறது. மாமா முகப்பவுடர் தடவச் சொன்னார், அப்பா வெயிலில் வைக்கச் சொன்னார். புதுக் கட்டை எப்படித்தான் பழக்குவது?

க., ஈரோடு

அன்புள்ள க.,

பவுடரும் வேண்டாம், வெயிலும் வேண்டாம். மேஜிக் கலைஞர்கள் சீட்டை விசிறியாக விரிக்க ஜிங்க் ஸ்டியரேட் என்று ஒரு பொடி போடுவதுண்டு. முகப்பவுடர் அந்த வேலையைச் செய்யாது, கை வியர்வையில் குழைந்து அப்பிக்கொள்ளும். வெயிலில் வைத்தால் சீட்டு வளைந்துவிடும்.

நீங்கள் வாங்கியது காகிதச் சீட்டு. இரண்டு தாள்களை நடுவில் கறுப்புப் பசை வைத்து ஒட்டி, அச்சடித்து, மேலே பூச்சு கொடுத்து வெட்டுகிறார்கள். கறுப்புப் பசை எதற்கு என்றால், விளக்குக்கு நேரே பிடித்தாலும் எதிரில் இருப்பவருக்கு உங்கள் சீட்டு தெரியக் கூடாது. ஒரு சீட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், முகம் முழுக்கப் பொடிப்பொடியாகக் குழிகள் தெரியும். அதில் தங்கும் காற்றில்தான் ஒரு சீட்டு இன்னொன்றின் மேல் சறுக்குகிறது. புதிதில் பூச்சு வழுவழுப்பாக இருக்கும், வெட்டிய விளிம்பிலோ மெல்லிய பிசிறு இருக்கும். கட்டைவிரலை விளிம்பில் மேலும் கீழுமாக ஓட்டினால் ஒரு திசையில் வழுக்கி, மறு திசையில் லேசாகப் பிடிக்கும். உங்கள் இரண்டு தொல்லைக்கும் காரணம் இதுதான். பத்துப் பதினைந்து நிமிடம் கை பட்டால் சரியாகிவிடும்.

ஆறுக்குப் பின்னால் ஏழு வருவதற்குக் காரணம் வேறு. அடுத்த முறை கட்டைப் பிரித்ததும் கலைக்காமல் முகம் மேலே இருக்க விரித்துப் பாருங்கள். இஸ்பேட் ஏஸ் முதல் கிங் வரை, அப்புறம் டைமண்ட் ஏஸ் முதல் கிங் வரை. அங்கிருந்து திரும்பி கிளாவர் கிங் முதல் ஏஸ் வரை, ஆட்டினும் அப்படியே. கட்டின் நட்டநடுவில் இரண்டு கிங் அடுத்தடுத்து நிற்கும். நம் வீடுகளில் கட்டை ஒரு கையில் வைத்துக்கொண்டு, கொத்துக் கொத்தாக எடுத்து முன்னும் பின்னும் போடுவதைத்தான் கலைப்பது என்கிறோம். அதில் கொத்துகள் இடம் மாறுமே தவிர, கொத்துக்குள் இருக்கும் வரிசை அப்படியே இருக்கும். அந்த முறையில் கட்டு முழுதாகக் கலைய ஆயிரக்கணக்கான தடவை போட வேண்டும்.

கேசினோக்களில் புதுக் கட்டு வந்தால் முதலில் மேஜையில் கவிழ்த்துப் பரப்பி, இரண்டு உள்ளங்கையாலும் வட்டமாகத் துழாவுவார்கள். இதற்கு வாஷ் என்று பெயர். நீங்களும் தரையில் போர்வை விரித்து அதன்மேல் செய்யுங்கள். வெறும் மொசைக்கில் வேண்டாம், சீட்டை அள்ளும்போது முனை மடியும். ஓரிரு நிமிடம் துழாவினால் வரிசையும் உடையும், ஒட்டிக்கொண்டிருந்த விளிம்பும் விடும்.

அப்புறம் ரிஃபிள். கட்டைப் பாதியாக வெட்டி, இரண்டு பாதியையும் கட்டைவிரலால் சரசரவென்று விட்டு ஒன்றுக்குள் ஒன்று கோர்ப்பது. 1992-இல் டேவ் பேயர், பெர்சி டயகோனிஸ் என்ற இரு கணித அறிஞர்கள் வெளியிட்ட கட்டுரையின்படி, 52 சீட்டு ஓரளவு நன்றாகக் கலைய ஏழு ரிஃபிள் போதும். இந்த டயகோனிஸ் பதினான்கு வயதில் வீட்டை விட்டுக் கிளம்பி, டாய் வெர்னன் என்ற மேஜிக் மேதையோடு ஊர் சுற்றியவர். கணிதத்துக்கு வருமுன்பே சீட்டு அவர் கையில் பழகியிருந்தது.

பழக்கும்போது எல்லோரும் தவறவிடுவது ஒன்று உண்டு. ரிஃபிள் செய்யும்போது சீட்டு ஒரே பக்கமாக வளைகிறது. எப்போதும் கவிழ்த்து வைத்தே செய்தால் அந்த வளைவு நிலைத்துவிடும், தரையில் வைத்த கட்டு படகு போல ஆடும். ஆகவே பாதித் தடவை கவிழ்த்தும் பாதித் தடவை நிமிர்த்தியும் செய்யுங்கள். மெதுவாக, குறைந்த வளைவில். முரட்டுத்தனமாக ஒடித்து வளைப்பவர் கையில் நல்ல கட்டும் ஒரே மாலையில் கிழடாகிவிடும். எனக்கு அதைப் பார்த்தாலே மனசு பொறுக்காது.

காகிதம் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்தில் ஆடி முடித்ததும் பெட்டியில் போட்டு மூடிவிடுங்கள். முறுக்கு, மிக்சர் தட்டை ஆட்டத்துக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம் என்று சொன்னால் உங்கள் வீட்டில் சண்டை வரும், தெரியும். கையைத் துடைத்துக்கொள்ளவாவது ஒரு துண்டு வையுங்கள். முழுக்கப் பிளாஸ்டிக்கில் வரும் சீட்டென்றால் இந்தக் கவலை இல்லை, சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைக்கலாம்.

ரம்மிக்கு இரண்டு கட்டையும் சேர்ப்பீர்கள் இல்லையா? முதலில் தனித்தனியாகப் பழக்கிவிட்டு அப்புறம் சேருங்கள். நூற்றுக்கும் மேற்பட்ட சீட்டு ஒரு கைக்கு அடங்காது. நான்கு பங்காகப் பிரித்து, இரண்டிரண்டாக ரிஃபிள் செய்து, பங்குகளை மாற்றி மறுபடி செய்யுங்கள். ஏழுக்கு மேல் இன்னும் ஒன்றிரண்டு சுற்று தேவைப்படும். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் இறக்கிய லைஃபும் (ஒரே இனத்தில் தொடர்ந்து வரும் சீட்டுகள்) செட்டும் (ஒரே எண் சீட்டுகள்) வரிசையாகவே கட்டில் திரும்பச் சேர்கின்றன. அவற்றை முதலில் போர்வையில் துழாவிவிட்டு அடுத்த ஆட்டத்துக்குக் கலையுங்கள்.