உயில் எழுதிவைத்தால் மட்டும் போதுமா?

பெருந்துறைப் பகுதியைச் சேர்ந்த வாசகர் ஒருவர், தாம் பல ஆண்டுகளாகச் சேர்த்த பழைய தஞ்சாவூர் ஓவியங்களையும், தந்தையார் விட்டுச்சென்ற இரண்டு ஐம்பொன் சிலைகளையும், தோட்டத்தில் கிணறு வெட்டியபோது கிடைத்த ரோமானியக் காசுகளையும் அரசு அருங்காட்சியகத்துக்கு உயில் எழுதிவைக்க விரும்புகிறார். அவை என்றும் ஒரே அறையில் காட்சிக்கு இருக்க வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. மூத்த மகன் ஆட்சேபிக்கிறார்.

ஐயா, தங்கள் விருப்பம் நிறைவேற வேண்டும் என்றே நானும் விரும்புகிறேன். அதனாலேயே உயிலை மட்டும் நம்ப வேண்டாம் என்கிறேன். உயில் வழியாக ஒரு பொருளைக் கொடுக்கலாமே தவிர, அதை ஏற்கும்படி அருங்காட்சியகத்தை நிர்ப்பந்திக்க முடியாது. ஏற்க மறுத்தால், உயிலில் மாற்று ஏற்பாடு இல்லாத நிலையில், அப்பொருள்கள் பெரும்பாலும் வாரிசுகளையே சென்றடையும். உறவினர்கள் இடையில் வந்தால் எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதற்கு ஓர் உதாரணம்: ஹைதராபாத் நிஜாமின் திவானாக இருந்த கலைப்பொருள் சேகரிப்பாளர் மூன்றாம் சாலார் ஜங் 1949-இல் மறைந்தபின், அவருடைய பெருஞ்சேகரிப்பு உறவினர்களுடனான உடன்பாட்டின் பேரில் இந்திய அரசின் கைக்கு வர 1958 ஆயிற்று.

சிலைகள் பற்றித்தான் எனக்கு மிகுந்த கவலை. நூறாண்டுக்குக் குறையாத உலோகச் சிலைகளும் ஓவியங்களும் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டப்படி பதிவு செய்யப்பட வேண்டியவை. அவற்றின் உரிமை கைமாறும்போது பதிவு அலுவலருக்குத் தெரிவிக்கவும் வேண்டும். ஆனால் பதிவுச் சான்று உரிமைக்கு ஆதாரமாகிவிடாது. கோயிலிலிருந்து திருடப்பட்ட சிலையாக இருந்தால், தங்கள் தந்தையார் நல்லெண்ணத்துடன் விலை கொடுத்து வாங்கியிருந்தாலும், அது அந்தக் கோயிலின் சொத்தே. தமிழ்நாட்டின் பத்தூர் கோயிலுக்குரிய, லண்டனுக்குக் கடத்தப்பட்ட நடராசர் சிலை பற்றிய வழக்கில் லண்டன் மேல்முறையீட்டு நீதிமன்றமே 1991-இல் கோயிலின் உரிமையை ஏற்றது. ஆகவே வாங்கிய ரசீது, கடிதம், பழைய புகைப்படம் என எது இருந்தாலும் தேடி எடுங்கள்; கோயில் சிலைகளின் பழைய படங்களைப் பாதுகாக்கும் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் தொகுப்புடன் ஒப்பிட்டும் பாருங்கள். ஐயம் எழுந்தால், தானம் பற்றிப் பேசுவதற்கு முன்பே வழக்கறிஞர் மூலம் அதிகாரிகளுக்குத் தெரிவிப்பதே முறை.

காசுகளும் எளிய விஷயமல்ல. கரூர் அமராவதிப் படுகையிலும் வெள்ளலூரிலும் ரோமானியக் காசுகள் கிடைத்திருப்பதால் நம் பகுதியில் இதை வியப்பாக எவரும் கருதுவதில்லை. ஆயினும் மண்ணில் மறைந்திருந்து கிடைத்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதுவும் 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டத்தின்கீழ் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்கப்பட வேண்டும், மறைத்தல் குற்றம். தாமதமாகிவிட்டதால் தாங்களாகக் கடிதம் அனுப்பாமல், முதலில் வழக்கறிஞரை நேரில் கலந்து பேசுங்கள்.

தங்கள் பணத்தில் வாங்கிய ஓவியங்களைத் தடுக்க மகனுக்கு உரிமை இல்லை. தந்தையார் வழி வந்த சிலைகள் கூட்டுக் குடும்பச் சொத்தாக இருந்தால், உயிலில் தங்கள் பங்கை மட்டுமே கொடுக்க முடியும். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் மகள்களும் பங்காளிகளே. எனவே பிள்ளைகள் அனைவரிடமும் எழுத்து மூலம் சம்மதம் பெறுங்கள்.

இவை தெளிவானபின், தங்கள் வாழ்நாளிலேயே காப்பாட்சியரிடம் படங்களுடன் கூடிய பட்டியலைக் கொடுத்து, அருங்காட்சியகங்கள் துறையின் எழுத்துப்பூர்வமான ஒப்புதலைப் பெற்றுத் தானப் பத்திரம் எழுதி ஒப்படையுங்கள். தானம் சட்டப்படி செல்லுபடியாக, கொடுப்பவர் உயிரோடிருக்கும்போதே பெறுபவர் அதை ஏற்றிருக்க வேண்டும். என்றும் காட்சியில் வைக்க வேண்டும் என வற்புறுத்தாதீர்கள். ஓவியங்களுக்குத் தொடர் வெளிச்சம் கேடு செய்யும் என்பதால் எந்தக் காப்பாட்சியரும் தயங்குவார். விற்கக் கூடாது, பிரிக்கக் கூடாது, தந்தையார் பெயர் விளக்க அட்டையில் இடம்பெற வேண்டும் என்று கேளுங்கள், அது நியாயமானது. வருமான வரியில் நன்கொடைக்கான கழிவு பணமாகத் தருவதற்கே உண்டு, பொருளுக்கு இல்லை.

தங்களிடமே வைத்துக்கொள்ளும் பொருள்களுக்கு உயில் எழுதுங்கள். பெறுபவராக அருங்காட்சியகக் கட்டடத்தின் பெயரை எழுதாமல் தமிழ்நாடு அரசின் அருங்காட்சியகங்கள் துறையைக் குறிப்பிட்டு, அது மறுத்தால் யாருக்கு என்பதையும் சேர்த்து, உயிலைச் செயல்படுத்தும் பொறுப்புள்ள நிறைவேற்றுநர் ஒருவரை நியமித்து, தங்களைவிட வயதில் இளைய இருவரைச் சாட்சிகளாக வைத்துக் கையெழுத்திடுங்கள்.