நிலக்கரிச் சுரங்கம் மூடிய நகரங்கள் அப்புறம் எப்படிப் பிழைக்கின்றன? வட சென்னைக்கு அதில் ஏதாவது பாடம் இருக்கிறதா?

நான் வட சென்னையில் எர்ணாவூர். 2017-லிருந்து 2019 வரை ஜெர்மனியில் ஹம் என்ற ஊரில் மேற்படிப்பு படித்தேன். ரூர் நிலக்கரிப் பகுதியின் கிழக்கு ஓரத்தில் சுமார் 1,80,000 பேர் வாழும் நகரம் அது. அங்கிருந்த கடைசிச் சுரங்கம் 2010 செப்டம்பரில் மூடப்பட்டது. எங்கள் நைனா வாழ்க்கை முழுக்க கரி லாரி ஓட்டியவர். அதனால் இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டுப் போக மனசு வரவில்லை.

முதலில், அந்தச் சுரங்கங்களை மூடியது சுற்றுச்சூழலுக்காக என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, விலைதான் காரணம். அங்கே 1,000 மீட்டருக்கும் கீழே இறங்கிக் கரி வெட்ட வேண்டியிருந்தது. கப்பலில் வரும் வெளிநாட்டுக் கரி அதைவிட மலிவு. 1957-ல் மேற்கு ஜெர்மனியின் நிலக்கரிச் சுரங்கங்களில் சுமார் 6 லட்சம் பேர் வேலை பார்த்தார்கள். அடுத்த வருடமே சரிவு ஆரம்பித்துவிட்டது. அரசு மானியம் கொடுத்துக் கொடுத்து, அரை நூற்றாண்டு இழுத்து, கடைசியில் 2007-ல் உட்கார்ந்து பேசி ஒரு கெடு வைத்தார்கள்: 2018-ஓடு முடிப்பது என்று. பதினோரு வருடம் முன்னாலேயே நாள் தெரிந்துவிட்டது. இது சின்ன விஷயமாகத் தெரியலாம், ஆனால் பிறகு நடந்த பலவற்றுக்கும் இதுதான் அடிப்படை.

இன்றைய ஹம் நகரத்தில் கரி இருந்த இடங்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும். ஒரு பழைய சுரங்கத்தில் கரி கழுவிய கட்டடத்தை 1984-ல் பிரம்மாண்டமான கண்ணாடி யானையாக மாற்றியிருக்கிறார்கள். சுற்றிலும் பூங்கா, பிள்ளைகள் ஓடி விளையாடுகிறார்கள். 2009-ல், கடைசிச் சுரங்கம் மூட ஒரு வருடம் இருக்கும்போதே, ஒரு உயர்கல்வி நிறுவனம் தொடங்கினார்கள். நான் படித்தது அதில்தான். ஊரைச் சுற்றி நெடுஞ்சாலைகள் சந்திப்பதால் சரக்குக் கிடங்குகள் நிறைய வந்துவிட்டன. படிப்புச் செலவுக்கு அப்படி ஒரு கிடங்கில் பகுதி நேர வேலை பார்த்தேன். பெட்டி அடுக்குவது, ஸ்கேன் செய்வது.

அங்கே என்னோடு வேலை பார்த்த ஒரு பெரியவர் துருக்கியைச் சேர்ந்த குடும்பம். 1961-ல் துருக்கியோடு ஜெர்மனி போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு வந்த ஆயிரக்கணக்கானவர்களில் அவருடைய அப்பாவும் ஒருவர், நேராகச் சுரங்கத்துக்குள் இறங்கியவர். இவரும் சில வருடம் சுரங்கத்தில் இருந்திருக்கிறார். காலையில் கிடங்குக்குள் வரும்போது எல்லாரும் 'குட் மார்கன்' சொல்ல, இவர் மட்டும் 'க்ளுக் ஆஃப்' என்பார். சுரங்கக்காரர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் வணக்கம் அது. பத்திரமாக மேலே வா என்கிற மாதிரி.

ஹம் ஊரில் இன்னொன்றும் இருக்கிறது. தமிழர்கள் பலருக்கு அந்த ஊர்ப் பெயரே இதனால்தான் தெரியும்: காமாட்சி அம்பாள் கோவில். ஈழத்திலிருந்து வந்தவர்கள் எழுப்பி 2002-ல் குடமுழுக்கு செய்த கோவில். அது இருப்பது ஊருக்கு வெளியே தொழிற்பேட்டையில், அப்போது பக்கத்திலேயே அனல்மின் நிலையம். முதல் முறை போனபோது ஒரு பக்கம் கோபுரம், இன்னொரு பக்கம் குளிர்விப்புக் கோபுரம். அப்படியே எண்ணூர் நெடுஞ்சாலையில் நிற்பது போல இருந்தது, கண் கலங்கிவிட்டது. திருவிழாவில் அம்பாளுக்குத் தீர்த்தம் கரிப் படகுகள் போய்க்கொண்டிருந்த கால்வாயில்தான். பக்கிங்காம் கால்வாயை நினைத்துக்கொண்டேன்.

சரி, ஆட்களை என்ன செய்தார்கள்? என்னைக் கேட்டால் இந்தக் கேள்விக்கான பதிலில் முக்கால்வாசி இதுதான். நிலத்தடியில் வேலை பார்த்தவர்களுக்கு 50 வயதிலிருந்தே ஓய்வூதியம் தொடங்கும் வரை, 5 வருடம் வரைக்கும், இடைக்கால உதவித்தொகை கிடைத்தது. இளைஞர்களை இன்னும் மூடாத சுரங்கங்களுக்கு மாற்றினார்கள். ஹம் சுரங்கம் மூடியபோது பலரும் இபன்பூரனுக்கும் போட்ராப்புக்கும் போனார்கள். மற்றவர்களுக்கு வேறு தொழில் பயிற்சி. 'ஒருத்தரையும் அந்தரத்தில் விடக் கூடாது' என்பது அங்கே தொழிற்சங்கம், நிறுவனம், அரசு மூன்றும் சேர்ந்து பிடித்த பிடி. 2018 டிசம்பர் 21 அன்று போட்ராப்பில் கடைசிக் கரித்துண்டை மேலே கொண்டுவந்து ஜெர்மனி ஜனாதிபதி கையில் கொடுத்தார்கள். கிடங்கு கேன்டீனில் டிவியில் பார்த்தோம். அந்தப் பெரியவர் சாப்பாட்டைத் தொடவே இல்லை. 'அந்தத் துண்டில் என் அப்பாவும் இருக்கிறார்' என்றார்.

ஆனால் அங்கே எல்லாமே நன்றாக முடிந்தது என்று சொல்லமாட்டேன். சுரங்கத்தில் கிடைத்த சம்பளம் கிடங்கில் கிடைக்காது. ரூர் நகரங்களில் வேலையில்லாதவர்கள் விகிதம் ஜெர்மனி சராசரியைவிட இன்றும் அதிகம். கரியின் இடத்தில் ஒரே ஒரு பெரிய தொழிற்சாலையைக் கொண்டுவந்து வைத்தால் போதும் என்பதும் அங்கே எடுபடவில்லை. ரூரில் போஹும் (Bochum) என்ற நகரத்தில் மூடிய சுரங்கத்தின் நிலத்திலேயே 1962-ல் ஓப்பல் கார் தொழிற்சாலை வந்தது. 2014-ல் அதுவும் மூடிவிட்டார்கள். ஐடி பார்க் ஒன்று வந்துவிட்டால் எண்ணூர் மாறிவிடும் என்று யாராவது சொல்லும்போது எனக்கு இதுதான் ஞாபகம் வரும்.

அப்புறம் நிலமும் தண்ணீரும். நூற்றைம்பது வருடம் அடியில் குடைந்ததில் ரூர் பகுதியில் சில இடங்களில் தரை 20 மீட்டருக்கும் மேல் இறங்கிவிட்டது. பம்பு வைத்து இறைக்காவிட்டால் பெரிய பரப்பு ஏரியாகிவிடும். ஆகவே என்றென்றைக்கும் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். 'நிரந்தரப் பணிகள்' என்றே அதற்குப் பெயர். அந்தச் செலவுக்காக 2007-ல் தனியாக ஒரு அறக்கட்டளை வைத்து, அதற்கு வருமானம் வரும்படி ஒரு ரசாயன நிறுவனத்தின் பங்குகளைக் கொடுத்திருக்கிறார்கள். சுரங்கம் போய்விட்டது, அதன் கடனைக் கட்ட ஆள் இருக்கிறது. எம்ஷர் என்று ஒரு ஆறு. தரை இறங்கிக்கொண்டே இருந்ததால் பூமிக்கடியில் சாக்கடைக் குழாய் போட முடியாமல், நூறு வருடம் அந்த ஆற்றையே திறந்த சாக்கடையாக வைத்திருந்தார்கள். 1992-ல் வேலையை ஆரம்பித்து 2021 கடைசியில் சாக்கடையை முழுக்கப் பிரித்து ஆற்றை மீட்டார்கள். 500 கோடி யூரோவுக்கு மேல் செலவு, முப்பது வருட வேலை.

எண்ணூரில் கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் சேற்றைக் கைவிட்டுத் தடவி இறால் பிடிப்பவர்களைப் பார்த்தே வளர்ந்தவள் நான். அந்தச் சேற்றில் இப்போது நிலக்கரிச் சாம்பல் கலந்திருக்கிறது. 2022-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அதை அகற்றிக் கழிமுகத்தை மீட்கச் சொன்னது. எம்ஷரைச் சுத்தம் செய்ய முடிந்ததென்றால் இதையும் முடியும் என்று முழு மனதோடு நம்புகிறேன். ஆனால் ஆரம்பித்த தேதி ஒன்றும், முடிக்கும் தேதி ஒன்றும் வேண்டும்.

இனி நம் ஊர். வட சென்னையில் சுரங்கம் கிடையாது. ஆனாலும் இது கரி ஊர்தான். ஒடிசாவின் தால்சேர் பக்கம் வெட்டும் கரி பாரதீப் துறைமுகத்தில் கப்பல் ஏறி இங்கே வந்து இறங்குகிறது. 2001-ல் எண்ணூர் துறைமுகத்தைத் திறந்ததே முதன்மையாகக் கரிக்காகத்தான். சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி, இரும்புத்தாது போன்ற தூசி பறக்கும் சரக்குகளைக் கையாளக் கூடாது என்று 2011-ல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ராயபுரத்து மொட்டை மாடிகளில் துணி காயப்போட முடிந்தது. அந்த உத்தரவு சரியானது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கரி நிற்கவில்லை. சுமார் 20 கிலோமீட்டர் வடக்கே நகர்ந்தது, எங்கள் பக்கம்.

நைனா 1993-லிருந்து சென்னைத் துறைமுகத்தில் கரி லோடு அடித்தவர். டிரிப்புக்கு இவ்வளவு என்று கூலி, அதோடு பேட்டா. பி.எஃப். கிடையாது, ஈ.எஸ்.ஐ. கிடையாது. 2011-ல் அவருடைய கான்ட்ராக்டர் ஒரு சாயங்காலம் வந்து 'நாளையிலிருந்து இங்க லோடு இல்லப்பா' என்று சொன்னதோடு சரி. ஒரு மாதம் வீட்டில் இருந்தார். அப்புறம் மீஞ்சூர் பக்கம் வேறு ஒருவரிடம் அதே கரி, அதே டிப்பர். மூச்சு இரைக்க ஆரம்பித்து 2019-ல் நிறுத்திக்கொண்டார். நான் ஊர் திரும்பிய வருடம் அது.

எண்ணூரின் பழைய 450 மெகாவாட் அனல்மின் நிலையம் 2017 மார்ச் கடைசியில் நின்றது. அதைப் பார்த்து வட சென்னை கரியைவிட்டு விலகுகிறது என்று சொன்னவர்கள் உண்டு. ஆனால் வட சென்னை அனல்மின் நிலையத்தின் முதல் இரண்டு கட்டங்கள் சேர்ந்தே 1,830 மெகாவாட், வல்லூர் 1,500 மெகாவாட், 2024-ல் திறந்த மூன்றாம் கட்டம் இன்னொரு 800. ஆகவே இங்கே கரியின் முடிவு இன்னும் வரவில்லை. ஆனால் ஒருநாள் வரும். பி அண்டு சி துணி மில் 1996-ல் மூடியபோது பெரம்பூர், புளியந்தோப்பு முழுக்க எத்தனை குடும்பங்கள் சிதறின என்பதைப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அந்த நிலத்தில் இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகள்.

அந்த நாள் வரும்போது நிரந்தர ஊழியர்களை வேறு நிலையத்துக்கு மாற்றிவிடுவார்கள். கரி இறக்குபவர், பெல்ட் பக்கம் கூட்டுபவர், லாரி ஓட்டுபவர், சாம்பல் அள்ளுபவர் யார் கணக்கில் இருப்பார்கள்? ரூரில் பெரும்பாலானவர்களைக் கைவிடாமல் பார்த்துக்கொள்ள முடிந்ததற்குப் பணம் மட்டும் காரணம் இல்லை. சுரங்கத் தொழிலாளர்களின் காப்பீட்டு அமைப்புக்கு ஜெர்மனியில் 1260-லிருந்து வரலாறு இருக்கிறது. எவர் எத்தனை வருடம் எந்தச் சுரங்கத்தில் இருந்தார் என்று காகிதத்தில் இருக்கிறது. கிடங்கில் இருந்த பெரியவரின் அப்பாவுக்கு நுரையீரல் நோய் வந்தபோது அதைத் தொழில்நோய் என்று ஏற்றுக்கொண்டு கடைசிவரை பணம் கொடுத்தார்கள். நைனாவுக்கும் அதே இருமல்தான். அவர் கரி ஓட்டினார் என்பதற்கு எந்த அலுவலகத்திலும் ஒரு வரி இல்லை.

அவரிடம் இருப்பது ஒரு தகரப் பெட்டி. அதற்குள் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுக் கட்டாக டிரிப் சீட்டு, எடை மேடை ரசீது, காலாவதியான கேட் பாஸ் ஏழெட்டு. பாதிக்கு மேல் மை அழிந்துவிட்டது. போன மாதத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் அவரும் உட்கார்ந்து தேதி வாரியாக நோட்டில் எழுதுகிறோம். மை அழிந்த சீட்டைக்கூட வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இது மழை சீசன், லாரி மூலகொத்தளத்தில் மாட்டிக்கிட்ட அன்னைக்கு என்கிறார். இப்போது 1998 வரை வந்திருக்கிறோம். உங்கள் வீட்டிலோ தெருவிலோ கரி வேலை பார்த்தவர்கள் இருந்தால் அவர்களிடமும் இப்படி ஒரு பெட்டி இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிட வேண்டாம்.